ஒரே மரத்தின் கன்றுகள்

சங்கரன்கோவிலைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் பக்கத்தில் ஒரு கோகோ மரத்தைக் காட்ட முடியாது. கரிசல் மண்ணும் வெயிலும் அதற்கு ஒத்துவராது. அப்படிப்பட்ட ஊரில், ராஜபாளையம் சாலையில், பழைய பருத்திக் கிட்டங்கியைத் தடுத்துக் கட்டிய குளிர் அறைக்குள் உட்கார்ந்து நான் ஆறேழு வருடம் கோகோ கன்றுகளை உண்டாக்கினேன். விதை போட்டு முளைக்க வைத்தவை அல்ல. பூமொட்டைக் கீறி, அதன் இதழைக் கண்ணாடிப் புட்டிக்குள் வைத்து, அந்தத் துணுக்கிலிருந்து கருவை வரவழைத்து, கருவைச் செடியாக்கி வெளியே அனுப்பியவை. அந்தக் கன்றுகள் போன தோப்புகளில் சில வருடம் என்னைப் பற்றிப் பேச்செடுத்தாலே காறித் துப்பினார்கள். அக்கா துப்பவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டாள்.

நான் கோயம்புத்தூரில் உயிரித் தொழில்நுட்பம் படித்தவள். பாதியில் அப்பா இறந்துபோனார். படிப்பு அவ்வளவுதான் என்று நான் துணிமணிகளைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டுபோய் விடுதி வாசலில் இறக்கிவிட்டு வந்தவர் அத்தான், அக்காவின் கணவர். அதிகம் பேசமாட்டார். பஸ்ஸில் வழி முழுக்க ஒரு வார்த்தையும் சொல்லாமல் வந்தவர், இறங்கும்போது, "ஏ பிள்ள, முடிச்சிட்டு வா. மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அவருக்குப் புளியங்குடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு. தென்னைக்கு நடுவில் எலுமிச்சை நின்றது. அந்த எலுமிச்சையை வைத்துத்தான் அவர் குடும்பம் நிமிர்ந்தது.

படிப்பை முடித்துவிட்டு அம்மாவோடு சங்கரன்கோவிலில் இருந்தபோது உள்ளூரிலேயே வேலை கிடைத்தது. ஆள் ஒரு தேங்காய் வியாபாரி. ஊரில் எல்லோரும் கூப்பிடுவதுபோல நானும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன். தேங்காயில் சம்பாதித்ததைக் கொண்டு டிஷ்யூ கல்ச்சர் வாழைக்கன்று தயாரிக்கும் கூடம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். வாழை லேசான காரியம். கிழங்கின் குருத்தைப் புட்டியில் வைத்தால் ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், சொன்ன பேச்சுக் கேட்கும். கூடத்துக்கு நான் பொறுப்பு. எனக்குக் கீழே உள்ளூர்ப் பெண்கள் சிலர் வேலை செய்தார்கள்.

ஒருநாள் அண்ணாச்சி கேரளா போய்விட்டு வந்து என் மேஜையில் மஞ்சள் நிறக் காய் ஒன்றை வைத்தார். வரிவரியாக, கையளவு நீளத்தில், தொட்டால் தோல் கெட்டியாக இருந்தது.

"ஏம்மா, வாழைய செய்யுத மாதிரி இதச் செய்ய முடியுமா?"

"கோகோவா அண்ணாச்சி? செய்யலாம். ஆனா வாழை மாதிரி லேசு கெடையாது. வருசக்கணக்குல ஆவும்."

"ஆவட்டும். நாம என்ன ஓடியா போறோம்? தென்னந்தோப்புக்காரன் எல்லாவனும் நடுவுல என்ன வைக்கன்னு முழிச்சிக்கிட்டு இருக்கான். நல்லாக் காய்க்குத மரம் ஒண்ணப் பிடிச்சி, அது மாதிரியே ஆயிரக்கணக்குல கொடுத்தோம்னு வையி..."

அவர் கணக்கு தப்பான கணக்கு இல்லை. கோகோ விதையைப் போட்டால் முளைப்பது தாயைப்போல இருக்காது. ஒரு காய்க்குள் இருக்கும் விதைகளே ஒன்றுக்கொன்று வேறு வேறு மரமாகும். ஒட்டுக்கன்று கட்டலாம், ஆனால் ஒரு மரத்திலிருந்து எடுக்கிற குச்சிக்கு ஓர் அளவு உண்டு. இதழிலிருந்து கரு எடுக்கத் தெரிந்துவிட்டால் அந்த அளவு கிடையாது. தாய் மரத்தின் அச்சு அசலாக எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். படிக்கும்போது ஆய்வுக் கட்டுரைகளில் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்ட வேலை அது. அண்ணாச்சி கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இதை எல்லாம் இப்போது எழுதும்போது வாய் கசக்கிறது.

கோகோ மரத்தின் பூ கிளை நுனியில் பூக்காது. தண்டிலேயே, பட்டையைப் பிளந்துகொண்டு, குட்டிக்குட்டியாகப் பூக்கும். விரிவதற்கு முந்தைய மொட்டுதான் எங்களுக்கு வேண்டும். அதற்காக விடியற்காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து மலையடிவாரத்துத் தோப்புகளுக்குப் போவேன். சிவகிரிப் பக்கம், புளியங்குடிப் பக்கம் என்று யார் யார் தோப்பில் பழைய கோகோ மரம் நிற்கிறதோ அங்கெல்லாம் போய்க் கேட்டு வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு திரும்புவேன். சங்கரன்கோவில் பூச் சந்தைக்கு மூட்டை கொண்டுவருகிறவர்களோடு சேர்த்து என்னையும் பூ வியாபாரி என்றுதான் கண்டக்டர் நினைத்திருந்தார்.

"என்னம்மா, பெட்டியில மல்லியா, பிச்சியா?"

"கோகோப் பூ."

"யாரு கட்டுவா அத?"

கூடத்துக்கு வந்ததும் மொட்டைக் கழுவி, கிருமி நீக்கி, கத்தியால் அடிப்பக்கத்தைச் சீவுவோம். உள்ளே இதழ்களும், மகரந்தம் தராமல் சும்மா நிற்கிற சிவப்பு இழைகளும் இருக்கும். அவற்றைப் பொறுக்கி, சர்க்கரையும் உப்புகளும் ஊக்கிகளும் கலந்த கூழின்மேல் பரப்பி, இருட்டறையில் வைத்துவிடுவோம். நன்றாகப் போனால் துணுக்கு வீங்கி, சோற்றுப் பருக்கை ஒட்டியதுபோல ஒரு கட்டி வளரும். அந்தக் கட்டியில் சில இடங்களில் வெள்ளையாகக் கரு முளைக்கும். விதையின் உள்ளே இருக்குமே, அதே வடிவத்தில்.

நன்றாகப் போகவில்லை. முதல் வருடம் எல்லாம் கறுத்துப்போயின. கோகோவைக் கீறினால் வெட்டின வாழைக்காய்போலக் கறுத்துவிடும். அந்தக் கறுப்பு கூழில் இறங்கி, இதழைத் தன் நஞ்சாலேயே கொல்லும். கறுக்காமல் தப்பித்தவற்றில் பூசணம். ஆடித்தபசுத் திருவிழா சமயம் ஊரெல்லாம் கூட்டம். மின்சாரம் போய்ப் போய் வந்தது, ஜெனரேட்டர் படுத்துவிட்டது, குளிர் அறை வெந்துபோனது. திரும்பிப் பார்த்தால் அலமாரி முழுக்கப் பச்சையும் சாம்பலுமாகப் பஞ்சு பூத்திருந்தது. எல்லாப் புட்டியையும் வேகவைத்துக் கொட்டினோம். கொட்டும்போது வீசிய புளித்த வாடையில் ஒரு பெண் வாந்தி எடுத்தாள்.

அதற்கடுத்த வருடம் கரு வந்தது, ஆனால் கோணல் கரு. இரண்டு விதையிலைகளும் ஒட்டிப்போய்க் குழல்போல இருக்கும். வேர் விடும், குருத்து விடாது. மாதக்கணக்கில் வேரை மட்டும் வளர்த்துக்கொண்டு புட்டிக்குள் சுற்றிச் சுற்றிக் கிடக்கும்.

கடைசியில் ஒரு மரம் மசிந்தது. சிவகிரிக்குப் போகிற வழியில் ஒரு பழைய தோப்பில் இருந்த மரம். அடியிலிருந்து தலைவரை காய் தொங்கும். எத்தனையோ மரங்களில் மொட்டு எடுத்தும் அந்த ஒரு மரத்து இதழ்தான் எங்கள் புட்டிக்குள் ஒழுங்காகக் கரு கொடுத்தது. கருவை நறுக்கி வைத்தால் அந்தத் துண்டிலிருந்தும் கரு வந்தது. வெளிச்சத்துக்கு மாற்றியதும் பச்சை ஏறி, செம்பு நிறத்தில் மெல்லிய இலை விட்டது. முதல் செடியைத் தென்னை நார்த்தூளில் நட்டு, மேலே பிளாஸ்டிக் கவிழ்த்து, அது வாடாமல் நிற்கிறது என்று உறுதியான அன்று கூடத்துப் பெண்கள் எல்லோரும் குலவை போட்டார்கள். அண்ணாச்சி எல்லோருக்கும் சாக்லேட் வாங்கிக்கொண்டு வந்தார். வெயிலில் வந்ததால் உறைக்குள்ளேயே உருகிவிட்டிருந்தது. விரலால் வழித்துத் தின்றோம்.

அந்த மரத்தில் ஒரு குறை இருந்தது. செடி கிடைத்த மகிழ்ச்சியில் அதைக் கவனிக்காமல் விட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். கவனித்தேன். கோகோவில் சில மரங்கள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளாது. வேறு சாதி மரத்தின் மகரந்தம் பட்டால்தான் காய் பிடிக்கும். நம் மரம் எப்படி என்று தெரிந்துகொள்ள, காலையில் போய் அதன் பூவை எடுத்து அதன் பூவிலேயே தேய்த்து, நூல் கட்டிவைத்தேன். பக்கத்து மரத்துப் பூவை எடுத்துத் தேய்த்து வேறு நிற நூல் கட்டினேன். அதன் மகரந்தமே பட்ட பூக்கள் எல்லாம் உதிர்ந்தன. பக்கத்து மரத்து மகரந்தம் பட்டவற்றில் பிஞ்சு நின்றது. அதைச் சுற்றி வேறு வேறு மரங்கள் நின்றதால்தான் அது அப்படிக் காய்த்திருக்கிறது. அதன் பிள்ளைகளை மட்டும் ஒரு தோப்பு முழுக்க நட்டால், எல்லாம் ஒரே மரம். காய்க்காது.

இதை அண்ணாச்சியிடம் உட்காரவைத்துச் சொன்னேன். நூல் கட்டின பூக்களின் புகைப்படத்தையும் காட்டினேன். அவர் புத்தி இல்லாதவர் இல்லை. உடனே பிடித்துக்கொண்டார்.

"அப்பம் என்ன செய்யணும்?"

"நடுநடுவுல வேற சாதிக் கன்னு வைக்கணும் அண்ணாச்சி. நம்ம கூடத்துல வேற மரம் எதுவும் வரமாட்டேங்கு. அதனால ஒட்டுக் கன்னு வெளிய வாங்கித்தான் கலக்கணும். கலக்காம மட்டும் கொடுத்திராதிய."

"கேரளாவுல நமக்குத் தெரிஞ்ச நர்சரி இருக்கு. வரவழைச்சிருவோம். கலந்தே கொடுப்போம். நீ ஒன் வேலையப் பாரு."

புளியங்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் விவசாயிகளைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார். மேடையில் பெரிய பேனர். புட்டிக்குள் செம்பு நிற இலையோடு நிற்கிற எங்கள் செடியின் படம். பேச வேண்டியது நான். முன்வரிசையில் அத்தான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்படிச் செய்கிறோம், எத்தனை வருடத்தில் பூக்கும், தண்ணீர் எவ்வளவு என்று சொன்னேன். கலந்து நடவேண்டும் என்பதையும் சொன்னேன். அந்த இடத்தில் அண்ணாச்சி மைக்கை வாங்கி, "அதெல்லாம் நாங்க பாத்துத் தந்திருவோம், நீங்க கொழம்ப வேண்டாம்" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆள்கள் எழுந்துவிட்டார்கள்.

அன்று அத்தான் வீட்டில் சாப்பிட்டேன். இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நெசமாச் சொல்லு. எலுமிச்சைக்கு வயசாயிட்டு. பிடுங்கிட்டு இத வைக்கலாமா?"

"வைக்கலாம் அத்தான். கலந்து வைக்கணும், அவ்வளவுதான். அண்ணாச்சி கலந்துதான் தாராவ. என்ட்டச் சொல்லியிருக்காவ."

"நீ சொன்னா சரிதான்."

அக்கா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "எந்தங்கச்சி செஞ்ச கன்னு, எங்க தோப்புலதான் மொதல்ல நிக்கணும்" என்றாள். பெருமையில் அவள் முகம் சிவந்திருந்தது.

கன்று கொடுக்கிற மாதத்தில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அவரோடு நான் கிடந்தேன். எங்கள் கூடத்திலிருந்து கன்றுகள் புளியங்குடியில் இருந்த அண்ணாச்சியின் நிழல்வலைக் கொட்டகைக்குப் போய், அங்கிருந்துதான் விவசாயிகளுக்குப் போயின. போனில் கேட்டேன். "கலந்தாச்சு, கலந்தாச்சு. நீ அம்மாவக் கவனி" என்றார். அம்மா படுத்த படுக்கையாக வீட்டுக்கு வந்தார். பகலில் ஒரு பெண்ணை வைத்துவிட்டு வேலைக்குப் போவேன், முடிந்ததும் ஓடிவருவேன். புளியங்குடி பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் இருந்தும் நான் அந்தத் தோப்புக்குப் போகவில்லை. அக்காதான் அம்மாவைப் பார்க்க வந்து போனாள். வரும்போதெல்லாம் கன்றின் உயரத்தைத் தன் உடம்பில் கைவைத்துக் காட்டுவாள். முழங்கால், இடுப்பு, தோள். பிறகு அத்தான் போனில் பூப் படம் அனுப்பினார். தண்டு தெரியாமல் பூ. நான் அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்குப் பேச்சு வராது. சிரித்தார்.

அம்மா இறந்து காரியமெல்லாம் முடிந்தபிறகுதான் தோப்புக்குப் போனேன். காயைப் பற்றி அக்கா ஒன்றும் சொல்லாததில் எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது. துக்க வீட்டில் பேசக்கூடாது என்று இருந்திருக்கிறாள்.

அத்தான் முன்னால் நடந்தார். தென்னை நிழலில் வரிசையாக எங்கள் மரங்கள். எல்லாம் ஒரே உயரம், ஒரே கிளைப்பு, ஒரே பச்சை. அவ்வளவு அழகான தோப்பை நான் பார்த்ததில்லை. கீழே தரை முழுக்க உதிர்ந்த பூ.

"பூவப் பாத்தியா? ரெண்டாந்தடவ இது. பூக்கும், கொட்டிரும். ஒரு பிஞ்சு கெடையாது. உரம் வச்சிப் பாத்தாச்சி, மருந்து அடிச்சிப் பாத்தாச்சி."

நான் குனிந்து ஒவ்வொரு மரத்தின் அடியையும் பார்த்துக்கொண்டே போனேன். ஒட்டுக் கட்டின கன்றாக இருந்தால் அடித்தண்டில் முடிச்சுத் தழும்பு இருக்கும். ஒன்றிலும் இல்லை. மேற்கு வேலி வரை நடந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் வேறொருவர் தோப்பில் விதை போட்டு வந்த பழைய கோகோ மரங்கள் இருந்தன. வேலியை ஒட்டிய எங்கள் மரங்களில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காய். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னன்னு சொல்லேன்" என்றார் அத்தான்.

"எல்லாம் ஒரே மரம் அத்தான். கலக்கல. அவிய கலக்கவே இல்ல."

 அத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மோட்டாரை நிறுத்தப் போனார்.

நான் நேராக அண்ணாச்சியின் கடைக்குப் போனேன். தேங்காய் உரிக்கிற ஆள்கள் வெளியே இருந்தார்கள். அவர் உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை நின்றேன்.

"கலந்து தாரேன்னு சொன்னியளே அண்ணாச்சி."

"சொன்னேன். அந்த நேரத்துல ஒட்டுக் கன்னு கெடைக்கல. இவனுவ இப்பமே வேணும்னு வாசல்ல வந்து நின்னானுவ. பூக்குததுக்கு வருசம் கெடக்குல்லா, அதுக்குள்ள கொடுத்துக்கிடலாம்னு இருந்தேன்."

"கலந்தாச்சுன்னு என்ட்டச் சொன்னிய. எங்கம்மா ஆஸ்பத்திரியில கெடக்கும்போது சொன்னிய."

"ஒன்னயக் கவலைப்பட வைக்க வேண்டாம்னுதான் சொன்னேன்." குரல் உயரவே இல்லை. "ஏம்மா, இப்ப எதுக்குச் சத்தம் போடுத? கன்ன உண்டாக்குனது நீ. மேடையில ஏறிப் பேசுனது நீ. ஊர்க்காரன் ஒன்னத்தான் கேப்பான். நாம ரெண்டு பேரும் சண்ட போட்டா ஒனக்குத்தான் அசிங்கம்."

அவர் சொன்னது சரியாகவே நடந்தது. அந்தச் சமயம் பார்த்து உலகமெங்கும் கோகோ விலை ஏறியது. செய்தித்தாளில் போட்டார்கள். வைத்தவர்கள் எல்லோரும் அதைப் படித்துவிட்டுக் காய் இல்லாத மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு கூடத்துக்கு வந்தார்கள். அண்ணாச்சி கடையில்தான் இருந்தார். அங்கே ஒருவரும் போகவில்லை. தேங்காயை அவரிடம்தான் போடவேண்டும், பகைக்க முடியாது. என்னிடம் வந்தார்கள். ஒரு பெரியவர் பிடுங்கின மரத்தை வேரோடு டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டுவந்து வாசலில் போட்டார்.

"மலட்டுக் கன்னத் தந்துட்டு ஏசில உக்காந்திருக்கா பாரு" என்றார். கூடத்துப் பெண்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் விளக்க ஆரம்பித்தேன். "மேடையில வெளக்குனதே போதும் தாயி" என்று அவர் வண்டியைத் திருப்பினார்.

அடுத்த பூப்புக்கு விடுப்புப் போட்டுவிட்டு, இடுக்கியை எடுத்துக்கொண்டு அத்தான் தோப்புக்குப் போனேன். அக்கா வீட்டுக்குள் இருந்தாள், வெளியே வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்துத் தோப்புக்காரரிடம் கேட்டு அவர் மரத்துப் பூக்களைப் பறித்துவந்து, காலை வேளையில் எங்கள் பூக்களில் ஒவ்வொன்றாகத் தேய்த்து, அடையாளத்துக்கு நூல் கட்டினேன். கழுத்து மரத்துப்போகும். குட்டிப் பூ, கை நடுங்கினால் சூலகமே ஒடிந்துவிடும். அத்தான் தூரத்தில் ஓலை முடைகிற சாக்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் அவரே பூப் பறித்துத் தட்டில் கொண்டுவந்து வைத்தார். அக்கா மகள் வந்து போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

பிஞ்சு பிடித்தது. நான் தொட்ட மரங்களில் எல்லாம் விரல் பருமனில் பச்சைப் பிஞ்சு. அத்தான் ஒன்றைத் தடவிப் பார்த்தார்.

"அப்பம் மரம் மலடு இல்ல."

"இல்ல அத்தான்."

"ஒவ்வொரு பூவுக்கும் நீ வந்து நிப்பியா?"

"வேண்டாம். பக்கத்துத் தோப்பு மரத்துல குச்சி எடுத்து, வரிசைக்கு ஒண்ணு ரெண்டு மரத்துல ஒட்டுக் கட்டிருவோம். கொப்பு தழைச்சிப் பூத்திட்டுன்னா பூச்சியே மத்தத செய்யும். நான் வந்து கட்டித் தாரேன்."

அவர் தலையாட்டினார். போகும்போது அக்கா வாசலில் நின்று, "ஏட்டி, சாப்பிட்டுட்டுப் போ" என்றாள். அம்மாவின் காரியம் முடிந்தபிறகு அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. சாப்பிட்டேன். என் வாழ்க்கையில் திருப்தியாகச் சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு என்று அதைச் சொல்லலாம்.

பிஞ்சு பிடித்த செய்தியைக் கூடத்துப் பெண்களிடம் சொல்லியிருந்தேன். அது அண்ணாச்சியின் காதுக்குப் போய்விட்டது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, புகைப்படக்காரன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு அத்தான் தோப்பில் போய் நின்றிருக்கிறார். பிஞ்சுகளை, நான் கட்டின நூல்களை, எல்லாவற்றையும் படம் எடுத்திருக்கிறார். அத்தானின் தோளில் கைபோட்டு, "ஒங்க கொழுந்தியா மூளையே மூள. நம்ம கம்பெனி ஆளுல்லா! இனிம ஒரு கவலயும் இல்ல" என்றிருக்கிறார். அடுத்த வாரம் கடைகடையாக நோட்டீஸ் ஒட்டினார்கள். தங்கள் கோகோத் தோப்பில் காய் பிடிக்கவில்லையா? எங்களிடம் மகரந்தக் கன்று கிடைக்கும். கீழே அத்தான் தோப்பின் படம். பூவில் இடுக்கி வைத்திருக்கிற கை, நான் வேலை செய்தபோது அக்கா மகள் போனில் எடுத்த என் கை. அது எப்படி அவரிடம் போனது என்று எனக்குத் தெரியாது.

கேரளா நர்சரியில் அப்போது கிடைக்காத ஒட்டுக் கன்று இப்போது மகரந்தக் கன்று என்ற பெயரில் லாரி லாரியாக வந்து இறங்கியது. அதே விவசாயிகளுக்கே விற்றார்.

நோட்டீஸைப் பார்த்த அன்றே ஓடினேன். ரோட்டில் இறங்கும்போதே வெட்டுகிற சத்தம் கேட்டது. தோப்பில் நாலைந்து ஆள்கள். அத்தானும் கையில் அரிவாளோடு நின்றார். வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. பிஞ்சோடும் வெட்டியிருந்தார்கள்.

"அத்தான், என்ன செய்யுதிய? காய் நிக்கித மரம்!"

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "சவத்த வெட்டிப் போடுங்கலே" என்றார் ஆள்களிடம்.

அக்காதான் பேசினாள். அவள் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

"ரெண்டு பேரும் பேசி வச்சித்தானட்டி செஞ்சிய? மொதல்ல காய்க்காத கன்ன வித்திய. இப்பம் காய்க்க வைக்குதோம்னு இன்னொரு கன்ன விக்கிதிய. அதுக்கு எங்க தோப்பு, எங்க வீடு, எம்புருசன் மொகம். நூலக் கட்டிக்கிட்டு நீ வந்து நின்னது இதுக்குத்தானா?"

"அக்கா, எனக்குத் தெரியாதுக்கா. நான் அவிய கூடச் சண்ட போட்டிருக்கேன். கேட்டுப் பாரு."

"யார்ட்டக் கேக்க? அவன்ட்டயா?"

 உண்மையிலேயே யாரிடம் கேட்பது? அவர் கலந்து தருவதாக விவரமாகச் சொன்னது என்னிடம் தனியாக. மேடையில் அவர் சொன்னது சிரிப்பில் கரைந்துவிட்டது. கலந்தாயிற்று என்றது போனில். சண்டை போட்டது உள்ளறையில். மேடையில் எல்லோர் காதிலும் விழுந்தது நான் பேசினது. நல்ல மரம் என்று சொன்னது. நான் அங்கேயே நின்று எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆள்கள் வேலையை நிறுத்திக் கொஞ்சநேரம் வேடிக்கை பார்த்தார்கள். அத்தான் அடுத்த மரத்துக்குப் போனார்.

மறுநாளே வேலையை விட்டேன். அண்ணாச்சி தடுக்கவில்லை. கேட்டில் நின்று, "கோவத்துல போற. ஆறுனதும் வா" என்று மட்டும் சொன்னார். கோபம் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் செரிக்காமல் இருக்கிறது. மகரந்தக் கன்று வாங்கி வைத்தவர்களுக்குக் காய் வந்தது. வராமல் எங்கே போகும், நான் சொன்னபடிதானே செய்தார்கள். விலையும் கொஞ்ச நாள் நின்றது. டிவிஎஸ்ஸில் மரத்தைக் கொண்டுவந்து போட்ட பெரியவர், அண்ணாச்சிக்குப் பொன்னாடை போர்த்துகிற படத்தை வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியிருந்தார்கள். அண்ணாச்சிக்கு இப்போது அந்தப் பக்கத்தில் நல்ல பெயர். சொன்னதைச் செய்கிறவர் என்கிறார்கள். தோப்பு முழுவதையும் வெட்டியது அத்தான் மட்டும்தான். எலுமிச்சையும் இல்லாமல், கோகோவும் இல்லாமல், தென்னைக்கு நடுவே வெறும் தரை. என்னை நம்பி நட்டவர் அவர். என்னை நம்பாமல் வெட்டியவரும் அவர். இரண்டுக்கும் நடுவில் நான் செய்த தப்பு என்ன என்று தேடிப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. தட்டுப்பட்டிருந்தால் ஒருவேளை நிம்மதியாக இருக்கும். காலில் விழுந்து மன்னிப்பாவது கேட்கலாம்.

இப்போது ஊரிலேயே ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். புத்தகத்தில் திசு வளர்ப்புக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். படமும் உண்டு. பிள்ளைகள் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். நானும் போய்விடுவேன்.

போன வருடம் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த அன்று, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அக்கா மகள். தோழியின் போனிலிருந்து பேசுவதாகச் சொன்னாள். நல்ல மதிப்பெண். குரல் வளர்ந்திருந்தது, முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை.

"சித்தி, பயோடெக் எடுக்கட்டுமா? நீங்க படிச்ச காலேஜ்லயே கெடைக்கும் போல இருக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "யார்கூடட்டி பேசுத?" என்றாள். பிறகு போன் கை மாறுகிற சத்தம்.  "அக்கா" என்றேன். வைத்துவிட்டாள்.

திரும்ப அடித்தேன். தோழிதான் எடுத்தாள். "அவங்க போயிட்டாங்க" என்றாள்.

பி.காம். சேர்த்திருக்கிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.